திறப்பு யாரிட்ட இருக்கு? – கொம்பியூட்டர் கேம் பூட்டுகளின் கதை

2009 கடைசியில் நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து ஒரு ஒறிஜினல் கேம் வாங்கினோம். வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை, அறைக்குள் ஒரேயொரு கொம்பியூட்டர். அதுவரைக்கும் நாங்கள் விளையாடின எல்லாமே 150 ரூபாவுக்கு எடுத்த களவு டிவிடிகள்தான். "ஒருக்காவாவது காசு குடுத்து வாங்குவமடா" என்று எங்களில் ஒருவன் தொடங்கி வைத்தான். ஆளுக்கு எழுநூறு ரூபா. பெட்டி வந்தது. உள்ளே தட்டு, ஒரு சின்னப் புத்தகம், மடித்து வைத்த வரைபடம். பெட்டியின் உட்பக்கத்தில் ஐந்து பேரும் கையெழுத்து வைத்தோம்.

இன்ஸ்டோல் பண்ணினால் முதலில் நெற் கேட்டது. டொங்கிளுக்கு ரீலோட் போட்டு அக்டிவேற் பண்ணினோம். இரண்டு கிழமையில் யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் இருந்து வைரஸ் ஏறி, விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டோம். இரண்டாவது அக்டிவேஷன். பிறகு மதர்போர்ட் எரிந்து மாற்றினோம். மூன்றாவது. நாலாவது தரம் கேட்டபோது "உங்கள் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது. அவ்வளவுதான். கொம்பனிக்கு மெயில் போட்டோம். இரண்டு கிழமைக்குப் பிறகு, பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. கடைக்காரர் தந்ததோ நீலப் பேனையால் எழுதின ஒரு துண்டு.

கடைசியில் என்ன செய்தோம்? பக்கத்து அறைப் பெடியனிடம் இருந்த அதே கேமின் 150 ரூபா டிவிடியை வாங்கி, அதில் இருந்த கிராக்கை எங்கட ஒறிஜினலுக்கு மேல் போட்டு விளையாடினோம். அவனுக்கு முதல் நாளில் இருந்தே ஒரு பிரச்சினையும் இல்லை.

காசு குடுத்தவனுக்குப் பூட்டு, களவெடுத்தவனுக்குத் திறந்த கதவு. இது எப்படி நடந்தது என்று தேடிப் போனபோதுதான் இதுக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது வருட வரலாறு இருப்பது எங்களுக்கு விளங்கியது. அந்த வரலாற்றை ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்: கேமைத் திறக்கிற திறப்பு யாரிட்ட இருக்கு?

ஒரு கடிதத்தில் தொடங்கின சண்டை

1976 பெப்ரவரியில் பில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 20 வயது. அல்டேர் என்ற கொம்பியூட்டருக்கு அவரும் நண்பர்களும் பேசிக் என்ற மென்பொருளை எழுதியிருந்தார்கள். அது துளையிட்ட கடதாசி நாடாவில் வந்தது. பொழுதுபோக்குக்குக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் அந்த நாடாவைக் கொப்பி அடித்து ஆளுக்கு ஆள் குடுத்தார்கள். அல்டேர் வைத்திருப்பவர்களில் 10 வீதத்துக்கும் குறைவானவர்களே காசு குடுத்து வாங்கியிருக்கிறார்கள், மற்றவர்கள் களவெடுக்கிறார்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. எழுதினவனுக்குக் காசு வரவேணும். ஆனால் மற்றப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொப்பி அடிப்பது களவாகவே தெரியவில்லை. ஒரு புத்தகத்தை நண்பனுக்கு இரவல் குடுப்பது போலத்தான் அவர்கள் அதைப் பார்த்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: புத்தகத்தைக் குடுத்தால் எங்களிடம் புத்தகம் இல்லை. மென்பொருளைக் குடுத்த பிறகும் அது எங்களிடமே இருக்கும்.

1980களில் வீட்டுக் கொம்பியூட்டர்களும் ஃப்ளொப்பித் தட்டுகளும் பரவியபோது, கேம் கொம்பனிகள் பூட்டுப் போடத் தொடங்கின. முதல் பூட்டுகள் தட்டிலேயே இருந்தன. சாதாரண டிரைவால் எழுத முடியாத மாதிரித் தட்டின் ஒரு மூலையைத் தொழிற்சாலையில் எழுதிவிடுவார்கள். 1987 இல் அட்டாரி எஸ்டி கொம்பியூட்டருக்கு வந்த டஞ்சன் மாஸ்டர் இதில் பெரிய கெட்டிக்காரன். அதன் தட்டில் சில இடங்கள் 0 என்றும் இல்லாமல் 1 என்றும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தரம் வாசிக்கும்போதும் வேறு வேறு விடை வரும். கொப்பி அடித்த தட்டில் எப்போதும் ஒரே விடைதான் வரும். கேம் அதை வைத்துக் கள்ளனைப் பிடித்துவிடும்.

புத்தகத்துக்குள் இருந்த திறப்பு

ஆனால் தட்டில் போட்ட பூட்டுகளை உடைக்கவென்றே கொப்பி மென்பொருள்கள் வந்தன. அதனால் கொம்பனிகள் வேறு வழி யோசித்தன. தட்டைக் கொப்பி அடிக்கலாம், பெட்டிக்குள் வருகிற கடதாசியை அவ்வளவு சுகமாகக் கொப்பி அடிக்கேலாது. அப்போது எல்லார் வீட்டிலும் ஸ்கேனர் இல்லை, நெற் இல்லை.

பிரின்ஸ் ஒஃப் பேர்சியா விளையாடினவர்களுக்கு இது நினைவிருக்கும். அதன் டொஸ் பதிப்பில் முதல் கட்டம் முடிந்ததும் ஒரு அறைக்குள் வருவோம். தரையில் நிறையக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு எழுத்து. வழிகாட்டிப் புத்தகத்தின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேம் சொல்லும். புத்தகம் இல்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு பிழையானவற்றைக் குடித்துச் செத்துப்போவான். எங்களில் மூத்தவர்கள் கொஞ்சப் பேர் இந்த அறையைக் கேமின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தார்கள். அது ஒரு பூட்டு என்பது அவர்களுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

1990 இல் வந்த மங்கி ஐலண்டுடன் ஒரு கடதாசிச் சக்கரம் வந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வட்டங்கள். ஒன்றில் கடற்கொள்ளைக்காரர்களின் முகத்தின் மேல் பாதி, மற்றதில் கீழ்ப் பாதி. திரையில் ஒரு முகம் வரும். சக்கரத்தைச் சுற்றி அதே முகத்தைப் பொருத்தினால் ஒரு வருடம் தெரியும். இந்த ஆளை இந்த ஊரில் எப்போது தூக்கில் போட்டார்கள் என்று கேம் கேட்கும், அந்த வருடத்தை அடிக்கவேணும். பூட்டைக்கூட ஒரு பகிடியாகச் செய்திருந்தார்கள்.

எல்லாப் பூட்டும் இப்படி ரசிக்கும்படி இருக்கவில்லை. 1985 இல் ஸ்பெக்ட்ரம் கொம்பியூட்டருக்கு வந்த எலீட் என்ற கேமோடு லென்ஸ்லொக் என்று ஒரு பிளாஸ்ரிக் கண்ணாடி வந்தது. திரையில் குழம்பிப்போய்த் தெரிகிற இரண்டு எழுத்துகளை அந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் தெளிவாகத் தெரியவேணும். அதுக்கு முதல் உங்கட ரிவியின் அளவுக்கு அதைச் சரிப்படுத்த வேணும். ரிவி மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ இருந்தால் வேலை செய்யாது. போதாக்குறைக்கு, சில பெட்டிகளுக்குள் வேறு கேமுக்குரிய கண்ணாடியை மாறிப் போட்டு விற்றுவிட்டார்கள். காசு குடுத்து வாங்கினவர்கள் தங்கட சொந்தக் கேமுக்கு வெளியில் நின்றார்கள். எங்கட 2009 அனுபவத்தின் பாட்டன் அந்தக் கண்ணாடிதான்.

1989 இல் வந்த முதல் சிம்சிட்டியையும் இங்கே குறித்து வைப்போம், பிறகு திரும்பி வருவோம். அதில் ஒரு கடும் சிவப்புத் தாள் வந்தது. அதில் நகரங்களின் பெயர்களும் சனத்தொகையும் சில குறிகளும் கருமையாக அச்சடிக்கப்பட்டிருந்தன. ஃபோட்டோக் கொப்பி எடுத்தால் முழுத் தாளும் கறுப்பாக வரும். வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பவர்களுக்கும் கண் வலிக்கும்.

இந்தப் பூட்டுகளில் எரிச்சல் இருந்தது. தாள் தொலைந்தால் கேமும் தொலைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திறப்பு எங்கட மேசையில் இருந்தது. கொம்பனி மூடப்பட்டாலும், அமெரிக்காவில் என்ன நடந்தாலும், அந்தச் சிவப்புத் தாள் கையில் இருக்கும்வரைக்கும் கேம் திறக்கும்.

இதே காலத்தில் எங்கட பிராந்தியத்தில் இருந்தும் இந்த வரலாற்றுக்குள் ஒரு பெயர் வந்தது. 1986 இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள் மருத்துவ மென்பொருள் ஒன்றை விற்றார்கள். அதைக் கொப்பி அடிக்கிறவர்களைப் பிடிக்க ஒரு சின்ன நிரலை எழுதினோம் என்று பிறகு சொன்னார்கள். அதுக்குள் தங்கட பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும்கூட எழுதி வைத்தார்கள். அது ஃப்ளொப்பியில் இருந்து ஃப்ளொப்பிக்குத் தாவி உலகமெல்லாம் போனது. பிரெயின் என்ற அதுதான் ஐபிஎம் வகைக் கொம்பியூட்டர்களின் முதல் வைரஸ் என்று அறியப்படுகிறது. கள்ளனுக்கு வைத்த பொறி யாரென்றே தெரியாதவர்களின் காலில் மாட்டியது. இது பிறகும் நடந்தது.

தட்டுக்குள் இருந்த திறப்பு

1990களில் சீடி வந்தபோது கொம்பனிகள் கொஞ்சக் காலம் நிம்மதியாக இருந்தன. ஒரு சீடியில் 650 மெகாபைற்றுக்குக் கிட்ட இருக்கும், அப்போதைய பல ஹார்ட் டிஸ்குகள் அதைவிடச் சிறியவை. கொப்பி அடித்து எங்கே வைப்பது? அந்த நிம்மதி சீடி எழுதுகிற டிரைவ்கள் மலிந்ததோடு போய்விட்டது.

அப்போது வந்தவைதான் சேஃப்டிஸ்க், செக்யூரொம், ஸ்டார்ஃபோர்ஸ். எல்லாத்தின் வேலையும் ஒன்றுதான்: டிரைவுக்குள் இருப்பது ஒறிஜினல் தட்டா என்று பார்ப்பது. விளையாடுகிற ஒவ்வொரு தரமும் தட்டைப் போடவேணும். தூசியும் புழுக்கமும் உள்ள எங்கட ஊரில் ஒரு சீடி எத்தனை நாள் கீறாமல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேம் முழுக்க ஹார்ட் டிஸ்கில் இருக்கும், ஆனால் கீறின தட்டு வாசிக்காததால் அது திறக்காது. நோ-சீடி கிராக் என்று தேடுவதை எங்கட தலைமுறை பழகினது இப்படித்தான். அதைத் தேடினவர்களில் ஒறிஜினல் வாங்கினவர்களும் இருந்தார்கள்.

இந்தப் பூட்டுகள் தட்டோடு நிற்கவில்லை, விண்டோஸுக்குள்ளும் இறங்கின. கேமை இன்ஸ்டோல் பண்ணும்போது சத்தமில்லாமல் ஒரு டிரைவர் மென்பொருளும் உள்ளே போகும். கேமை அழித்தாலும் அது போகாமல் இருக்கலாம். மெய்நிகர் சீடி மென்பொருள் கொம்பியூட்டரில் இருந்தால் செக்யூரொம் கேமைத் திறக்கவே விடாது. ஸ்டார்ஃபோர்ஸ் பற்றி விளையாடுகிறவர்கள் போட்ட சத்தத்தில் 2006 இல் யூபிசொஃப்ட் அதைக் கைவிட்டது.

இதன் உச்சம் 2008 இல் நடந்தது. யூபிசொஃப்டின் ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2 கேமைச் சிலர் தட்டாக வாங்காமல் நெற்றில் இருந்து இறக்கி வாங்கியிருந்தார்கள். கொம்பனி விட்ட ஒரு திருத்தம், டிரைவுக்குள் தட்டு இருக்கா என்று அவர்களிடமும் கேட்கத் தொடங்கிவிட்டது. அவர்களிடம் தட்டு ஏது? சத்தம் போட்டார்கள். கொம்பனி அதுக்கு ஒரு தீர்வுக் கோப்பை வெளியிட்டது. அதைத் திறந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்தது ரீலோடட் என்ற களவுக் குழு செய்த கிராக். நாங்கள் வாடகை அறையில் களவாகச் செய்ததைத்தான், ஒரு வருடம் முந்தியே, கொம்பனி உத்தியோகபூர்வமாகச் செய்திருந்தது.

இன்னொரு முடிவு மெதுவாக வந்தது. சேஃப்டிஸ்கின் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007 இலேயே தெரியும். 2015 இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு திருத்தம் மூலம் அதை நிறுத்தியது. பாதுகாப்புக்காக அது சரிதான். ஆனால் த சிம்ஸ், பட்டில்ஃபீல்ட் 1942 மாதிரி அந்தப் பூட்டோடு வந்த கேம்களின் ஒறிஜினல் தட்டுகள் ஒரே நாளில் வெறும் தட்டுகளாகிவிட்டன. கிராக் பண்ணின கொப்பிகளுக்கு அந்தப் பூட்டே இல்லை என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை.

திறப்பு கையை விட்டுப் போன காலம்

அடுத்த மாற்றம்தான் பெரியது. நெற் எல்லா இடமும் வந்துவிட்டது, இனித் திறப்பைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பத் தேவையில்லை என்று கொம்பனிகள் நினைத்தன. திறப்பைத் தாங்களே வைத்துக்கொண்டன. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கினவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் விளையாடலாம் என்ற நிலை வந்தது. அன்றைக்குத் திட்டினவர்களில் கனபேர் இன்றைக்கு ஸ்டீமில் நூறு கேம் வைத்திருக்கிறார்கள். அதுக்குக் காரணம் இருக்கு, பிறகு சொல்கிறோம்.

2007 இல் பயோஷொக்கை முதலில் இரண்டு தரம்தான் அக்டிவேற் பண்ணலாம் என்று வந்தது. எதிர்ப்பில் ஐந்தாக்கினார்கள். 2008 செப்டெம்பரில் வந்த ஸ்போர் மூன்று தரம் என்றது. ஆட்கள் அமேசனில் ஆயிரக்கணக்கில் ஒரு நட்சத்திர மதிப்பீடு போட்டுத் தள்ளினார்கள். சரி, இந்தப் பூட்டு களவையாவது நிறுத்தியதா? கேம் வெளிவர முதலே அதன் உடைத்த கொப்பி நெற்றில் வந்துவிட்டது. அந்த வருடம் டொரன்டில் மிகக் கூடுதலாக இறக்கப்பட்ட கேம் ஸ்போர்தான், கிட்டத்தட்ட 17 இலட்சம் தரம் என்று டொரன்ட்ஃப்ரீக் தளம் கணக்குச் சொன்னது.

பிறகு ஒருக்கா அனுமதி வாங்குவதும் போதாமல் போனது. 2010 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட் 2 இன் கொம்பியூட்டர் பதிப்பு வந்தது. தனி ஆளாக விளையாடுகிற கேம், ஆனால் விளையாடுகிற நேரம் முழுக்க நெற் இருக்கவேணும். லைன் போனால் கேம் நிற்கும். வெளிவந்த சில நாளிலேயே யூபிசொஃப்டின் சேர்வர்கள் தாக்குதலுக்குள்ளாகி விழுந்தன. காசு குடுத்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இப்போது சிம்சிட்டிக்குத் திரும்பி வருவோம். 2013 மார்ச் 5 ஆம் திகதி புதிய சிம்சிட்டி வெளிவந்தது. தனியே இருந்து நகரம் கட்டினாலும் சேர்வரோடு இணைந்திருக்க வேணும். முதல் நாளே சேர்வர்கள் நிரம்பி வழிந்தன. உள்ளே போக வரிசை. போனவர்களின் நகரங்களும் சிலவேளை அழிந்தன. நகரத்தின் கணிப்புகள் சேர்வரில் நடக்கின்றன, அதனால் நெற் இல்லாமல் ஓடாது என்று தயாரித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். நெற்றைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று ஒருவர் கொஞ்ச நாளில் செய்து காட்டினார். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், கொம்பனியே நெற் இல்லாமல் விளையாடுகிற வசதியை விட்டது.

1989 சிம்சிட்டியையும் 2013 சிம்சிட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதன் திறப்பு ஒரு சிவப்புத் தாள், எங்களிடம் இருந்தது. இரண்டாவதன் திறப்பு எங்கேயோ ஒரு சேர்வரில், அவர்களிடம் இருந்தது. 24 வருடத்தில் பூட்டின் தொழில்நுட்பத்தைவிடக் கூடுதலாக மாறினது அந்த இடம்தான்.

மற்றப் பக்கத்து நியாயம்

நாங்கள் ஒன்றும் திறமான பிள்ளைகள் இல்லை. 150 ரூபா டிவிடிகளில் வளர்ந்தவர்கள். அதனால் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும்.

2013 ஏப்ரலில் கேம் டெவ் டைகூன் என்ற ஒரு சின்ன கேம் வந்தது. சொந்தமாகக் கேம் கொம்பனி நடத்துவதுதான் விளையாட்டு. அதைச் செய்தவர்கள் பூட்டே போடவில்லை. பதிலாக, கொஞ்சம் மாற்றின ஒரு கொப்பியைத் தாங்களே டொரன்டில் போட்டார்கள். அந்தக் கொப்பியில் எவ்வளவு நல்ல கேம் செய்தாலும், எல்லாரும் களவாக இறக்குகிறார்கள் என்று செய்தி வந்து உங்கட கொம்பனி முறிந்துவிடும். ஒரு நாளில் விளையாடினவர்களில் 93.6 வீதம் பேர் களவுக் கொப்பியில் இருந்தார்கள். காசு குடுத்தவர்கள் 214 பேர். பகிடி என்னவென்றால், களவாக இறக்கின ஒருவர், தன் கேம்களைக் களவெடுக்கிறார்கள், டிஆர்எம் பூட்டை ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க இதில் வழி இல்லையா என்று கேட்டிருந்தார்.

அந்த 214 பேரின் காசில்தான் இரண்டு மூன்று பேர் சாப்பிட வேணும். இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. களவு கேமைப் பாதிக்காது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பூட்டு களவை நிறுத்தும் என்ற கதைக்குத்தான் வரலாறு ஒத்துவரவில்லை.

நிறுத்தியது எது? போலந்தில் ஒரு விடை கிடைக்கிறது. 1990களில் அங்கேயும் எங்கட ஊர் மாதிரித்தான், சந்தைகளில் களவுத் தட்டுகள் குவிந்து கிடந்தன. 1994 இல் தொடங்கின சிடி புரொஜெக்ட் என்ற கொம்பனி, பால்டர்ஸ் கேட் என்ற கேமை 1999 இல் போலிஷ் மொழியில், தெரிந்த நடிகர்களின் குரலோடு, பெட்டிக்குள் வரைபடமும் புத்தகமும் வைத்து விற்றது. களவுக் கொப்பியில் கிடைக்காததைக் குடுத்தார்கள், ஆட்கள் வாங்கினார்கள். அதே கொம்பனி 2008 இல் தொடங்கின ஜிஓஜி தளம் இன்றுவரைக்கும் பூட்டில்லாமல் கேம் விற்கிறது. 2015 இல் வந்த அவர்களுடைய விட்சர் 3 அங்கே முதல் நாளில் இருந்தே பூட்டில்லாமல் கிடைத்தது.

ஸ்டீம் வென்றதும் இப்படித்தான். பூட்டு அங்கேயும் இருக்கு. ஆனால் மலிவு விற்பனை, தானாக வருகிற திருத்தங்கள், எந்தக் கொம்பியூட்டரிலும் திரும்ப இறக்கலாம் என்ற வசதி எல்லாம் சேர்ந்து, களவைவிடக் காசு குடுப்பதைச் சுகமாக்கிவிட்டன. எங்களில் ஒருவரிடமும் அப்போது கடனட்டை இல்லை. வங்கி அட்டையால் நெற்றில் வாங்க வழி வந்த பிறகு நாங்களும் களவுத் தட்டைக் கைவிட்டோம். எங்களைத் திருத்தியது பூட்டு இல்லை.

வாங்கினது எங்கே?

ஆனால் சுகத்துக்கு ஒரு விலை இருக்கு. 2014 டிசெம்பரில் யூபிசொஃப்ட் த க்ரூ என்ற கார் ஓட்டுகிற கேமை விட்டது. அமெரிக்கா முழுக்கச் சுற்றலாம், தனியாக விளையாடுகிற கதையும் இருந்தது, ஆனால் சேர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 ஆம் திகதி சேர்வரை நிறுத்தினார்கள். அதோடு கேம் முழுதும் செத்தது. வாங்கினவர்களின் கணக்கில் இருந்தும் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பூட்டு உடையவில்லை. திறப்பு வைத்திருந்தவர் அதைத் தூக்கி எறிந்தார், அவ்வளவுதான்.

அதில் இருந்துதான் ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் தொடங்கின ஸ்டொப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் வந்தது. அவர்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை: சேர்வரை என்றென்றைக்கும் நடத்தத் தேவையில்லை, மூடும்போது விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கின குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் இருந்து நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், நீங்கள் வாங்குவது பொருளை இல்லை, உரிமத்தை மட்டும்தான் என்று விற்பவர்கள் தெளிவாகச் சொல்லவேணும் என்கிறது.

இதை வெறும் விளையாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010 க்கு முதல் அங்கே வெளிவந்த கேம்களில் 87 வீதம் இன்றைக்குக் கடையில் வாங்கக் கிடைக்காது. அவற்றில் கனக்க இன்றும் உயிரோடு இருப்பது யாரோ பூட்டை உடைத்துக் கொப்பி எடுத்து வைத்ததால்தான். நூலகம் தளத்தில் ஒரு பழைய சஞ்சிகையைத் தேடி எடுத்து வாசித்த எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரேயொரு பிரதி என்றால் அது எப்போதும் ஆபத்தில்தான் இருக்கும். கனக்க இடத்தில் கொப்பி இருந்தால்தான் மிஞ்சும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்கள் நினைவிருக்கா? ரவுட்டரும் இல்லை, சிக்னலும் ஒழுங்கில்லை. லப்டொப்பில் மிச்சமிருந்த பற்றரியோடு நாங்கள் எதை விளையாடலாம் என்று பார்த்தோம். காசு குடுத்து வாங்கின புதுக் கேம்களில் பாதி சேர்வரைத் தேடிக்கொண்டு நின்றது. திறந்தவை பழையவையும் பூட்டில்லாமல் வாங்கினவையும்தான்.

அதுக்குப் பிறகு நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு கேமை வாங்க முதல், படத்தின் அழகையும் மதிப்பெண்ணையும் பார்க்கிற மாதிரி, இதையும் பார்ப்போம்: நெற் இல்லாமல் இது திறக்குமா? கொம்பனி நாளைக்கு இல்லாமல் போனால் எங்களிடம் என்ன மிஞ்சும்? பூட்டில்லாமல் விற்கிறவர்களுக்கு முழு விலை குடுப்போம். மற்றதை மலிவு விற்பனை வரைக்கும் வைத்திருப்போம், அது வாடகை என்று தெரிந்துகொண்டே.

ஐந்து கையெழுத்தோடு அந்தப் பெட்டி இன்னும் எங்களில் ஒருவன் வீட்டு அலுமாரியில் இருக்கு. போன வருடம் சும்மா ஒரு ஆசைக்குத் தட்டைப் போட்டுப் பார்த்தோம். அக்டிவேற் பண்ணுகிற சேர்வர் இப்போது இல்லை. "எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்று சொல்லக்கூட அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பக்கத்து அறைப் பெடியன் இப்போது கனடாவில். அவனுடைய 150 ரூபா டிவிடியை அன்றைக்கு வாங்கினபோது ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தோம். அதைப் போட்டோம். திறந்தது.